ஆலங்குடிக்கு ஆறு கிலோமீட்டர் முன்பாக

கோயம்புத்தூரிலிருந்து ஆலங்குடிக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோம். விடியற்காலை காரில் கிளம்பினால் மத்தியானப் பந்தியில் உட்கார்ந்துவிடலாம். எங்களுக்கு மூன்று நாள் ஆனது. போனது இருபது வயதான ஒரு வீட்டு வண்டியில். ஓட்டியது நான். என் கணவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் கியர் மாற்றும்போதெல்லாம் தன் காலடியில் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டே வந்தார்.

அவசரம் எங்களுக்கு மட்டுமல்ல, ஓர் ஐந்து வயதுப் பெண்ணின் காதுக்கும் இருந்தது. என் கணவர் கருப்பையாவின் ஒரே தங்கை, ஆலங்குடியில் வாழ்க்கைப்பட்ட வள்ளிக்கண்ணு. அவளுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவள் யாழினி. ஒரு வயதில் மொட்டை அடித்தார்கள், கருப்பையா மடியில் வைத்து. மூன்று வயதில் காது குத்துவதாக ஏற்பாடு. பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரத்தில் இவருடைய சிறுநீரகம் இரண்டும் படுத்துக்கொண்டன. "எங்கண்ணன் வராம எம்மக காதுல ஊசி படாது" என்று வள்ளிக்கண்ணு சொல்லிவிட்டாள்.

அவர்கள் பக்கம் தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதில்லை. ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும் என்பதும் அதே ஊர் வழக்கம்தான். ஐந்து முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் யாழினியின் வெறுங்காதைப் பிடித்திழுத்துக் கேலி செய்கிறார்களாம். வள்ளிக்கண்ணு கணவரின் அண்ணன், "தாய்மாமனுக்கு ஒடம்பு முடியலைன்னா நான் மடில வச்சுக்கிறேன், இதுல என்ன இருக்கு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணமில்லை. ஆனால் அந்தப் பேச்சை போனில் கேட்ட அன்று கருப்பையா சாப்பிடவில்லை.

போக முடியாததற்குக் காரணம் இதுதான். அவர் வயிற்றில் ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக ஒரு நாளைக்கு நான்கு தடவை பழைய தண்ணீரை வெளியே எடுத்து, புது மருந்துத் தண்ணீர் இரண்டு லிட்டர் உள்ளே விட வேண்டும். காலை ஆறு, பதினொன்று, சாயங்காலம் ஐந்து, ராத்திரி பத்து. பை மாற்றுவது என்று சொல்வோம். முக்கால் மணி நேர வேலை. கதவு, ஜன்னல், ஃபேன் எல்லாம் அடைத்திருக்க வேண்டும். கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு தூசி உள்ளே போனாலும் வயிற்றில் சீழ் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் வெளியே வரும் தண்ணீர் கலங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். வெளியே வந்த பையைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் பயமில்லை. இரண்டு வருடமாக நான் நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்வது அந்தப் பையின் வழியாகத்தான்.

இப்படிப்பட்ட ஆளை யார் வீட்டில் தங்க வைப்பது? எந்த லாட்ஜ் அறையை நம்புவது? அதனால்தான் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் அந்த வண்டியை வாங்கினேன். ஒரு காலத்தில் ஆள் ஏற்றிய வேன். யாரோ ஓர் ஊர்சுற்றி அதைப் பிரித்து, படுக்கை, அலமாரி, கை கழுவும் தொட்டி, தண்ணீர் டேங்க், குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக்கியிருந்தார். அவர் கையெழுத்தில் வண்டி முழுக்கத் துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். "இரண்டாம் கியரிடம் அவசரம் செல்லாது." "மழை வந்தால் மூன்றாம் ஜன்னல் அழும், துணி வை." சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டியின் மேல் ஒன்று: "வண்டி பேட்டரி வேறு, வீட்டு பேட்டரி வேறு. இரண்டையும் சேரவிடாதே." அந்தத் துண்டுச் சீட்டுகளை நான் மதிக்கிறேன். ஆனால் நின்று படிக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. பதறாத காரியம் சிதறாது என்று என் அம்மா சொல்வாள். நான் பதறாமல் ஒரு காரியமும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பினோம். வழியைச் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த ரோடுதான். பழைய வண்டி ஓட்டுபவருக்கு ரோடு கண்ணில் படாது. என் கண் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளில் இருந்தது. காது எஞ்சினில் இருந்தது. மூக்கு டீசல் வாடையைத் தேடியது. பதினொரு மணிப் பையை முன்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்திருந்தேன். வீட்டில் அதை மின்சார ஒத்தடத் துணியில் சுற்றி வெதுவெதுப்பாக்குவோம். வைகாசி வெயிலில் அதற்கு வேலையே இல்லை. சூடு கூடிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. கால் மணிக்கொரு தரம் கருப்பையா பையைத் தொட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்பார். வடகம் காய வைத்த மாதிரி காவல் இருந்தார்.

எஞ்சின் பெல்ட் கிறீச்சிட ஆரம்பித்தது இலுப்பூருக்குக் கொஞ்சம் முன்னால். ஊருக்குள் நுழையும்போது அது கத்தலாகிவிட்டது. கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒர்க்‌ஷாப் எங்கே என்று கேட்பதற்குள் ஒருவர் கையைக் காட்டினார். வண்டியே கேட்டுவிட்டது போலிருக்கிறது.

சவரிமுத்துவின் ஒர்க்‌ஷாப்பில் மேலே மாதா படம், கீழே காற்றடிக்கும் மெஷினில் கடந்த ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு. மனுஷனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆவூர்க்காரர்.

"எங்கிட்டு இருந்து வாரீங்க?"

"கோயமுத்தூருங்க."

"ஓட்டிக்கிட்டு வந்தது?"

"நானுங்க."

அவர் கருப்பையாவைப் பார்த்தார். கருப்பையா எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார்.

"பெல்ட்டு நூலாப் போச்சுங்க. இந்தமட்டுக்கும் வந்ததே மாதா புண்ணியம். ஒரு அவர்ல போட்டு விட்டுர்றேன். ஒக்காருங்க."

நான் உட்காரவில்லை. ஐந்து மணிக்குப் பை மாற்ற வேண்டும். அதற்குள் ஒரு நிழலான, தூசியில்லாத இடம் பிடிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கும் ரோட்டுக்கும் நடந்தேன். எங்கள் ஊரில் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் பாகத்தின் பெயர் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். சவரிமுத்து அப்படியில்லை. கழற்றுகிற ஒவ்வொரு திருகுக்கும் ஒரு கதை இருந்தது, ஆவூர் மாதா கோயில் தேருக்கு எங்களை இரண்டு தடவை அழைத்தார், மூன்றாவது தடவை நாங்கள் வருவதாக அவரே முடிவு செய்துவிட்டார். பெல்ட்டைப் போட்டு முடித்தவர் சீட்டுக்கு அடியிலும் தலையை விட்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் "ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"பேட்டரி கனெக்சனையும் பாத்து விட்டுட்டேங்க. இனிமே ஒரே அமுக்குல எடுக்கும்" என்றார்.

"சரிங்க, சரிங்க" என்றேன். அதற்குள் நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

புதுக்கோட்டையில் திருக்கோகர்ணத்தில் இரண்டு நாள் நின்றோம். தாய்மாமன் சீருக்குப் பட்டுப்பாவாடை, தோடு, மாலை எல்லாம் வாங்க வேண்டியிருந்தது. ஒரு டீக்கடைக்காரம்மா தன் கடைக்குப் பக்கத்தில் வாகை மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மரம், நிழல், கூப்பிடு தூரத்தில் குழாய். இந்த ஊரில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு அது விளங்க அரை நாள் ஆனது. டீக்கடைக்காரம்மா நல்ல தண்ணீரையே நாலு குடம் டேங்குக்குக் கொடுத்தார். எங்கள் தெருவில் ஒரு குடம் கேட்டிருந்தால் கேட் திறந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் சீர் வாங்கக் கிளம்பினேன். கதவைத் திறந்தால் வெளியே ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். முதலில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் தயாராக வைத்திருந்தார்.

"கண்ணு டெஸ்ட்டு எத்தன மணிக்கு ஆரம்பிப்பீங்க?"

"இது கண் டெஸ்ட் வண்டி இல்லீங்க."

"அப்ப சுகரா?"

"சுகரும் இல்லீங்க. இது எங்க வீடுங்க."

பெரியவர் வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். "வீட்டுக்கு எதுக்கு டயரு?" என்றார். வரிசை கலைந்தது. வரிசையில் கடைசியாக நின்ற அம்மாள் மட்டும் போகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, படுக்கை, மருந்துப் பெட்டிகள், மாஸ்க் எல்லாம் பார்த்துவிட்டு, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று தணிந்த குரலில் கேட்டார். சொன்னேன். அரை மணி நேரத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார். அதை வாங்கிக்கொண்டேன். ஆனால் அவரை உள்ளே விடவில்லை. இரண்டு வருடமாக நான் யாரையும் உள்ளே விட்டதில்லை. என் சொந்த அக்காவையே வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கிறேன். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கீழராஜ வீதியில் பாவாடை எடுத்துவிட்டு ஒரு ஹோட்டலில் முட்டை மாஸ் சாப்பிட்டேன். அவித்த முட்டையை வெட்டிப்போட்டு, வெங்காயமும் மிளகாயும் வதக்கிப் புரட்டியது. பரோட்டாவுக்கு அதைத் தொட்டு நாலு வாய் சாப்பிட்டதும், இவருக்கு உப்பில்லாத இட்லி வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. பாதியிலேயே எழுந்துவிட்டேன். வண்டிக்கு வந்தால், அவர் என் முகத்தைப் பார்த்து, "முட்டை மாஸா? வாசம் வருது. எந்தக் கடை?" என்று கேட்டார். கடையைச் சொன்னதும், "எதுத்த கடைலதான் நல்லா இருக்கும். ஊர்க்காரன ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறதுக்கு என்ன?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஆலங்குடி இருபது கிலோமீட்டர். ஆறு மணிக்குப் பை மாற்றி, எழுத்து தெளிவாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, ஏழே முக்காலுக்குச் சாவியைத் திருகினேன். "டக்" என்றது. அவ்வளவுதான். மறுபடியும் திருகினேன். அந்த "டக்" கூட வரவில்லை. உள்ளே விளக்கும் எரியவில்லை, ஃபிரிட்ஜும் செத்திருந்தது.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரிகள் இரண்டையும் தடித்த ஒரு சிவப்பு ஒயரால் சேர்த்துக் கட்டியிருந்தது. ஃபேன், ஃபிரிட்ஜ், ஒத்தடத் துணி எல்லாம் இரண்டு ராத்திரியாக வீட்டு பேட்டரியைக் குடித்து முடித்துவிட்டு, வண்டி பேட்டரியையும் சேர்த்துக் குடித்திருக்கின்றன. சவரிமுத்துவுக்கு போன் போட்டேன். சர்ச்சுப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் சேந்தா பலந்தானங்க? ஒன்னு சும்மா கெடக்குதேன்னு சேத்து விட்டேன். லாரிக்கு அப்படித்தான போடுறோம்!"

"இது லாரி இல்லீங்க, வீடு!"

"அட மாதாவே..." என்றவர் உடனே வழி சொன்னார். "வண்டியத் தள்ளி எடுத்துரலாங்க. ஆனா அந்தச் செவப்பு ஒயரக் கழட்டிட்டு ஓட்டுங்க. ரெண்டு செத்த பேட்டரிக்கும் சேத்துச் சார்ஜ் ஏத்துனா அந்தப் பெல்ட்டு தாங்காது. பத்து நிமிச வேலதான்."

தள்ள ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் வந்தார்கள். அவர்கள் போதவில்லை என்று கண்ட ஒரு டவுன் பஸ் கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தி, "ஆம்பளைக எல்லாம் எறங்குங்கப்பா, ஒரு கை போடுங்க" என்றார். கண்ணாடிப் பெரியவரும் வந்து ஒரு கை வைத்தார். இரண்டாம் கியரில் போட்டு, துண்டுச் சீட்டு எழுதியவர் சொன்னபடி அவசரப்படாமல், அவர்கள் ஓட ஆரம்பித்த பிறகு கிளட்சை விட்டேன். இருமியது, குலுங்கியது, புகையைத் தள்ளிக்கொண்டு உயிர் பெற்றது. பஸ்ஸில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள்.

மணி எட்டே முக்கால். சிவப்பு ஒயரைக் கழற்றப் பத்து நிமிடம் வேண்டும். ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. போய்ச் சேர்ந்து கழற்றிக்கொள்ளலாம் என்று ஓட்டினேன்.

ஊரைத் தாண்டி முந்திரிக்காடு ஆரம்பித்த இடத்தில் ரப்பர் தீயும் வாடை வந்தது. "என்ன வாடை?" என்றார் கருப்பையா. வெளியிலிருந்து வருகிறது என்றேன். வெளியே முந்திரி மரத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆலங்குடி ஆறு என்று எழுதிய கல்லைத் தாண்டியதும் பட்டென்று ஒரு சத்தம். சூட்டு முள் விறுவிறுவென்று ஏறியது. இனி ஓட்டினால் எஞ்சின் போய்விடும். ஓரங்கட்டினேன். மணி ஒன்பது இருபது.

வள்ளிக்கண்ணுவுக்கு போன் செய்தேன். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. சாமி கும்பிட்டு முடித்துவிட்டார்கள், ஆசாரி வந்து காத்திருக்கிறார் என்றாள். "அண்ணி, ஒன்னும் பதறாதீங்க. கார் அனுப்புறேன், அண்ணன ஏத்திவிடுங்க."

"கார்ல எல்லாம் அனுப்ப மாட்டேன்" என்று கத்திவிட்டேன். "பதினோரு மணிக்குப் பை மாத்தோணும். அங்க கூட்டத்துல எங்க மாத்தறது? திரும்பி வர லேட்டாச்சுன்னா யாரு பதில் சொல்றது? போன மாசம்தான் ஒரு தடவை சீழ் பிடிச்சு ஆஸ்பத்திரில கிடந்தாரு." இதைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

கருப்பையா மாலையின் ஈரத்துணியைச் சரி செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நான் இருக்கேன்ல, கோகிலா?"

"அதுக்கென்ன இப்ப?"

"செத்துப்போயிட்டா வேற கதை. இருக்குறப்பவே எம் எடத்துல வேற ஆளு ஒக்காரணுமா?"

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சவரிமுத்து மேலா, பெல்ட் மேலா, இந்த மனுஷன் மேலா. கடைசியில் அந்தப் பத்து நிமிடத்தில் வந்து நின்றது. இறங்கிப்போய் ரோட்டில் நடந்தேன். இந்தப் பக்கம் முப்பது அடி, அந்தப் பக்கம் முப்பது அடி. ஓர் ஆட்டுமந்தை கடந்து போனது. வண்டிக்குள் அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவரும் வராத ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காரில் அனுப்பியிருக்கலாம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போனை எடுத்தேன். வள்ளிக்கண்ணு எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. சவரிமுத்துவுக்குப் பெல்ட் அறுந்ததையும் நிற்கும் இடத்தையும் எழுதிச் செய்தி அனுப்பினேன்.

பத்து மணிக்கு ஆலங்குடிப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு லோடு ஆட்டோ, அதற்குப் பின்னால் நாலைந்து பைக். லோடு ஆட்டோவில் மேளக்காரர்களோடு வாழைத்தார், தேங்காய், பொரி மூட்டை, ஒரு தண்ணீர் கேன். வள்ளிக்கண்ணு காரிலிருந்து குதித்து இறங்கினாள். இடுப்பில் யாழினி.

"அண்ணி, அண்ணனுக்குத்தான பதினோரு மணிக்கு வேல இருக்கு? எம்மகளுக்கு என்ன வேல? சாமியக் கும்பிட்டாச்சு. மடி எங்கிட்டு இருக்கோ அங்கிட்டு வச்சுக் குத்திக்கிட்டாப் போச்சு."

நான் கதவை அடைத்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். இரண்டு வருடப் பழக்கம். அவள் என் கையைப் பார்த்தாள். நான் கதவிலிருந்து கையை எடுத்தேன்.

அந்த வண்டிக்குள் பதினான்கு பேர் ஏறியதை நான் எண்ணினேன். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். வெளியே ரோட்டோரத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நான் டெட்டால் போட்டுத் துடைக்கும் அலமாரி மேல் தேங்காய்த் தட்டு உட்கார்ந்தது. மூன்றாம் ஜன்னலில் ஒரு பையன் தொங்கினான். கருப்பையா படுக்கையின் ஓரத்தில் கால் மடித்து உட்கார்ந்தார். யாழினியை மடியில் வைத்தார்கள். ஆசாரி கண் மூடித் திறப்பதற்குள் ஒரு காதை முடித்தார். அவள் போட்ட சத்தத்தில் மேளம் அடங்கியது. மறு காதுக்கு உதைக்க ஆரம்பித்தாள். குழாய் இருக்கும் பக்கம் உதை படாமல் நான் அவள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன். கருப்பையா குனிந்து அவள் தலையில் தன் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தை அப்படி நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. மணி பத்து இருபத்தைந்து.

அதன் பிறகு பொரியும் பழமும் கைமாறின. எல்லோரும் பேசினார்கள். என் கண் கடிகாரத்தில் இருந்தது. பத்து நாற்பதுக்கு, "எல்லாரும் கொஞ்சம் இறங்கோணுமுங்க" என்றேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வள்ளிக்கண்ணு எல்லோரையும் இறக்கிவிட்டு, வாசலுக்கு வெளியே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். நான் அலமாரியையும் தரையையும் மருந்து போட்டுத் துடைத்து, ஜன்னல்களை அடைத்தேன். வெளியே, தன் மடியைத் தருவதாகச் சொன்ன வள்ளிக்கண்ணு கணவரின் அண்ணன், தண்ணீர் கேனைத் தூக்கி வண்டியைச் சுற்றி மண்ணில் தெளித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று யாரோ கேட்டார்கள்.

"தூசி கெளம்பக் கூடாதுல்ல. பொம்பள தனியா எம்புட்டுத்தான் தொடைக்கும்?"

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. சவரிமுத்து. வெள்ளைச் சட்டையில், கழுத்தில் புது பெல்ட்டை மாலையாகப் போட்டுக்கொண்டு. பூசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நேரே எஞ்சின் மூடியில் கை வைத்தார். வள்ளிக்கண்ணு விடவில்லை.

"எங்கண்ணன் மொதல்ல முடிக்கட்டும். அப்பறம் நீங்க."

யாழினி மட்டும் மடியைவிட்டு இறங்க மறுத்துவிட்டாள். தூக்கினால் கத்தினாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "இருக்கட்டுமே" என்றார் கருப்பையா. அவள் கையைக் கழுவிவிட்டு, பெரிய மாஸ்க் ஒன்றை முடிச்சுப் போட்டுச் சின்னதாக்கி மாட்டி, பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். மாஸ்க்குக்கு மேலே அழுத கண் இரண்டும், இரண்டு பக்கமும் புதுத் தோடும் தெரிந்தன.

சட்டையைத் தூக்கிக் குழாயை எடுத்தபோது அவள் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, ஒங்களுக்கும் குத்திருக்காங்களா?"

"ஆமாடா."

"அழுதீங்களா?"

அந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. டாக்டர் என்ன சொன்னார், மருந்து சாப்பிட்டீர்களா, மணி என்ன, இதுதான் இரண்டு வருடமாக நான் கேட்டது. பெரிய தைரியசாலி என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அழுதேன்" என்றார் கருப்பையா. "குத்துன மக்கியாநாளு. ஆஸ்பத்திரி பாத்ரூம்ல போயி, குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதேன்."

"எதுக்குக் குழாயத் தொறந்தீங்க?"

"ஒங்க அத்தைக்குக் கேக்கக் கூடாதுல்ல."

அந்த மறுநாள் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கதவைப் படபடவென்று தட்டி, "என்னுங்க, தண்ணி வீணாப் போகுதுங்க, சீக்கிரம் வாங்க" என்று சத்தம் போட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "முடிஞ்சிருச்சு, போகலாம்" என்றார். நானும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பை நிறைந்தது. அடைத்து, கழற்றி, வழக்கம்போலச் செய்தித்தாளின் மேல் வைத்துக் குனிந்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கலங்கிப்போயிருந்தது. பதினான்கு பேரை உள்ளே விட்டேனே என்று நினைத்தேன். "கலங்கியிருக்குதுங்க" என்றேன்.

யாழினி சீட்டிலிருந்து எழுந்து வந்து பையின் மேல் குனிந்தாள். விரலை வைக்காமல், எழுத்துக் கூட்டி, மாஸ்க்குக்குள்ளிருந்து படித்தாள்.

"வீ... டு... வா... ட... கை... க்கு..."

"பை தெளிவாத்தான் இருக்கு, கோகிலா" என்றார் கருப்பையா. "கண்ணத் தொடச்சுக்க."